வசந்தகால உலா மனத்துக்கு நல்லதா? பழைய கட்டடமும் பச்சை வெளியும் உண்மையில் செய்வது என்ன

குளிர் விலகிப் பகல் நீளத் தொடங்கியதும் "எங்கேயாவது போய்ட்டு வா, மனசு லேசாகும்" என்ற அறிவுரை நாலாபக்கமிருந்தும் வரும். அறிவுரையில் தப்பில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் பெரும்பாலும் தப்பு. மரங்களுக்கு நடுவே ஆக்சிஜன் அதிகம் என்பார் ஒருவர். பழங்காலக் கல்லிலிருந்து நல்ல அதிர்வு வருகிறது என்பார் இன்னொருவர்.

காரணம் தப்பாக இருந்தால் என்ன, பலன் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏனென்றால் காரணத்தை வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிடுகிறோம். ஆக்சிஜனை நம்புகிறவர் காட்டோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஃபோனைத் தடவிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அதிர்வை நம்புகிறவர் ஒரே நாளில் ஐந்து நினைவுச்சின்னங்களைத் தொட்டுவிட்டு, கால்வலியும் எரிச்சலுமாக வீடு திரும்புவார்.

இந்த இரண்டையும் முதலில் முடித்துவிடுவோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு சுமார் 20.9 சதவீதம். நெரிசலான நகரத்திலும் அதே, அடர்ந்த காட்டிலும் அதே. மலை ஏறினால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறையத்தான் செய்யும். நகரத்தை விட்டு வெளியேறும்போது குறைவது புகையும் நுண்தூசியும். அது நுரையீரலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் மனம் தெளிவதற்கு அதை மட்டும் காரணம் காட்ட முடியாது. கல்லைப் பொறுத்தவரை, அது எதையும் நமக்கு அனுப்புவதில்லை. நடப்பதெல்லாம் பார்க்கிறவரின் கண்ணிலும் மூளையிலும்தான்.

## கவனம் ஏன் களைக்கிறது

காற்றடைத்த பந்தை நீருக்குள் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். முதல் நிமிடம் சுலபம். பத்து நிமிடம் கழித்துக் கை நடுங்கும். பந்துக்கு எடை கூடிவிடவில்லை. அது மேலே வரத் துடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். களைப்பு அமுக்குவதிலிருந்து வருகிறது.

கணக்கு எழுதும்போதும், நீண்ட கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், நெரிசலில் வண்டி ஓட்டும்போதும் மூளை இதைத்தான் செய்கிறது. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற நூறு விஷயங்களை அமுக்கிவைக்கிறது. பக்கத்து மேசைப் பேச்சு, ஃபோன் மணி, நேற்றைய சண்டை எல்லாமே மேலே வரப் பார்க்கும். இப்படி முயன்று பிடித்துவைக்கும் கவனத்துக்கு வலிந்த கவனம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது தீர்ந்துபோகக்கூடியது. தீர்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்: சின்ன விஷயத்துக்குக் கோபம், ஒரே வரியை மூன்று தடவை படிப்பது, எடுத்த முடிவைத் திரும்பத் திரும்ப மாற்றுவது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லானும் ஸ்டீஃபன் கப்லானும் 1989-இல் விரிவாக முன்வைத்த கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. வலிந்த கவனத்துக்கு ஓய்வு கொடுக்கக் கண்ணை மூடிப் படுப்பது ஒரு வழி. இன்னொரு வழி, முயற்சியே இல்லாமல் கண்ணைத் தன்பால் இழுக்கும் ஒன்றின் முன் போய் நிற்பது. அசையும் இலை, ஓடும் நீர், நகரும் மேகம். இவை கவனத்தை இழுக்கும், ஆனால் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளாது. பக்கத்தில் வேறு நினைப்புக்கும் இடம் விடும். இந்த வகை இழுப்பை மென்ஈர்ப்பு எனலாம். கிரிக்கெட் இறுதி ஓவரும் கண்ணை இழுக்கிறது, ஆனால் அது முழுவதையும் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் பொழுது போகும், களைப்பு போகாது.

மார்க் பெர்மனும் உடனிருந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரே ஆட்களை ஒருமுறை மரத்தோட்டத்திலும் இன்னொரு முறை ஆன் ஆர்பர் நகரின் கடைத்தெருவிலும் நடக்கவிட்டார்கள். திரும்பியதும், வாசித்துக்காட்டும் எண்களைத் தலைகீழாகச் சொல்லும் தேர்வு. மரத்தோட்டத்தில் நடந்து வந்தபோது மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் உண்டு: கடுங்குளிரில் நடந்தவர்களுக்கு அந்த நடை இனிமையாகவே இல்லை, ஆனாலும் மதிப்பெண் உயர்ந்தது. ஆக, "ரசிக்க முடியலையே, அப்ப வீண்தானே" என்று பாதியில் திரும்பத் தேவையில்லை.

இதுவரை பார்த்தது: களைப்பு வருவது அமுக்கிவைப்பதால். மென்ஈர்ப்பு உள்ள இடத்தில் அமுக்கும் வேலை நின்றுபோகிறது. அந்த நேரத்தில் கவனம் மீள்கிறது.

## பழைய கட்டடம் எங்கே வருகிறது

பச்சை வெளி சரி. கோட்டை, மடாலயம், பழைய மாளிகை, இடிந்த மதில் இவற்றுக்கு இதில் என்ன வேலை?

கப்லான்கள் ஓய்வு தரும் இடத்துக்கு நான்கு இயல்புகளைச் சொன்னார்கள். மென்ஈர்ப்பைப் பார்த்துவிட்டோம். அன்றாடத்திலிருந்து விலகல் இரண்டாவது. போகிறவரின் விருப்பத்தோடு பொருத்தம் மூன்றாவது. இதை லேசாக நினைக்க வேண்டாம், கட்டாயப்படுத்தி இழுத்துப்போன பிள்ளைக்கு எந்த இடமும் ஓய்வு தராது. நான்காவது விரிவு. அதாவது, அந்த இடம் தனக்குள் ஒரு முழு உலகமாக இருக்க வேண்டும். உள்ளே போகப்போக ஒன்றோடொன்று தொடர்புள்ள புதிய பகுதிகள் திறந்துகொண்டே இருக்க வேண்டும். பழைய கட்டடங்களின் பலமே இந்த விரிவுதான். வாசல், முற்றம், கிணறு, சமையற்கூடம், காவல் மாடம் என்று ஒவ்வொன்றும் மற்றதைக் கேள்வி கேட்க வைக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, புகை எப்படி வெளியே போனது, இந்தப் படி ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது? பரப்பளவு சிறியதாக இருந்தாலும், பின்னால் இருக்கும் காலம் இடத்தைப் பெரிதாக்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம் வியப்பு. உளவியலாளர்கள் டேக்கர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் 2003-இல் இதற்கு இரண்டு கூறுகளைச் சொன்னார்கள்: நம்மைவிடப் பெரிதான ஒன்று, அதை உள்வாங்க நம் எண்ணத்தை விரிக்க வேண்டிய நிலை. 2020-இல் வர்ஜீனியா ஸ்டர்ம் குழுவின் ஆய்வில், வயதானவர்கள் வாரம் 15 நிமிடம் வீதம் 8 வாரம் நடந்தார்கள். ஒரு குழுவிடம் வியப்பைத் தேடிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள், மற்றதிடம் சும்மா நடக்கச் சொன்னார்கள். வழியில் எடுத்த செல்ஃபிகளை ஒப்பிட்டால், வியப்பைத் தேடியவர்களின் படங்களில் வாரம் செல்லச்செல்ல முகம் சிறுத்துப் பின்னணி பெரிதானது. சிரிப்பும் கூடியது.

கல்லில் மென்ஈர்ப்பு வேலை செய்ய வேண்டுமானால் ஒளி சரியாக விழ வேண்டும். பழைய சுவர்களில் பல செதுக்கல்களின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஒளி நேராக முகத்தில் அடித்தால் நிழலே விழாது, சுவர் வெறும் சுவராகத் தெரியும். ஒளி சுவரோடு உரசிக்கொண்டு சாய்வாக விழுந்தால், உளி பட்ட ஒவ்வொரு கோடும் தனித்தனி நிழலோடு எழுந்துவரும். கல்தச்சர் எந்தக் கையால் எந்தத் திசையில் கொத்தினார் என்பதுகூடப் பல இடங்களில் புலப்படும்.

"காலையில் போங்கள், ஒளி நன்றாக இருக்கும்" என்ற பொது அறிவுரை இங்கே பாதிதான் சரி. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் வசந்த சமஇரவு நாளையொட்டிச் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும். கிழக்கு பார்த்த சுவரில் அப்போது ஒளி நேராக அடிக்கும். அந்தச் சுவருக்குச் சாய்வொளி கிடைப்பது உச்சிப்பொழுதுக்குச் சற்று முன். வடகோளத்தின் நடு அட்சரேகைகளில் தெற்கு பார்த்த சுவருக்கு நேர்மாறு: சூரியன் எழுந்த சற்று நேரத்திலும், சாய்வதற்குச் சற்று முன்னும்தான் கோடுகள் எழும். எந்தச் சுவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மேகமூட்டமான நாளில் ஒளி எல்லாப் பக்கமும் பரவிவிடும். அன்று செதுக்கலை விட்டுவிட்டு நிறங்களைப் பார்க்கலாம். கல்லில் படர்ந்த கற்பாசி அப்போதுதான் அழகாகத் தெரியும். மேலோடு போல ஒட்டியிருக்கும் வகைகளில் பல, ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூட வளராதவை. நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

## ஏன் வசந்தம்?

முக்கிய காரணம் வெளிச்சம். வெளிச்சத்தின் செறிவை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நன்றாக விளக்குப் போட்ட அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில் வெளியே பல ஆயிரம் லக்ஸ், தெளிந்த வெயிலில் ஒரு லட்சம் வரை. கண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் விழித்திரையில் பார்வைக்கு நேரடியாக உதவாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குத் தெரிவிக்கும் தனிவகைச் செல்கள் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இவை 2002-இல் தெளிவாக அடையாளம் காணப்பட்டன. இவை அனுப்பும் சேதிதான் உடல் கடிகாரத்தை, அதாவது தூக்கம், விழிப்பு, உடல்வெப்பம் ஆகியவற்றை ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் நடத்தும் மூளைப் பகுதியைத் திருத்திவைக்கிறது. காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதனால் இரவில் தூக்கம் சற்று முன்னதாக வரும். வசந்த நடைக்குப் பிறகு "நல்லாத் தூங்கினேன்" என்று சொல்வதில் நடையின் களைப்புக்கு ஒரு பங்கு, இதற்கு ஒரு பங்கு.

பகல் நீளும் வேகம் சமஇரவு நாளையொட்டித்தான் உச்சம். 50 டிகிரி அட்சரேகையில் நாளுக்கு 3 முதல் 4 நிமிடம் கூடும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது ஒரு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். எனவே வெப்பமண்டலத்தில் இருப்பவர்கள் "வசந்த மாற்றம்" என்று படிப்பதையெல்லாம் அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அங்கே நாட்காட்டியைவிட இதமான வெப்பநிலை உள்ள மாதம் எது என்பதே முக்கியம்.

மாத்யூ கெல்லரும் உடனிருந்தவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நுணுக்கத்தைச் சொன்னது. வசந்தத்தில் வானிலை இதமானால் மனநிலை உயர்ந்தது, ஆனால் வெளியே நேரம் செலவிட்டவர்களுக்கு மட்டும். அரை மணிக்கும் குறைவாக வெளியே இருந்தவர்களுக்கு அந்த உயர்வு தெரியவில்லை. ஜன்னல் வழியாக நல்ல வானத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருப்பது ஆறுதல் தராது என்பது பலருக்கு அனுபவத்திலேயே தெரியும்.

ஜன்னல் காட்சியே பயனற்றதா என்றால், அதுவும் இல்லை. ராஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் மரம் தெரியும் ஜன்னலருகே இருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவர் தெரியும் ஜன்னல் உள்ளவர்களுக்கு 8.70 நாள். வெளியே போகவே முடியாதவருக்கு ஜன்னல் பெரிய துணை. போக முடிந்தவருக்கு அது மாற்று இல்லை.

சுருக்கமாக, இடம் கவனத்துக்கு ஓய்வு தருகிறது, வெளிச்சம் உடல் கடிகாரத்தைத் திருத்துகிறது. இரண்டுக்கும் நாம் வெளியே, கண் திறந்து, போதிய நேரம் இருக்க வேண்டும்.

## எவ்வளவு நேரம்?

மாத்யூ வைட் குழு 2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தரவை ஆராய்ந்தது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள், நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 200 முதல் 300 நிமிடத்துக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஒரே தடவையில் போனாலும், பிரித்துப் பிரித்துப் போனாலும் ஒன்றுதான். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்பதும் ஒரு பகுதி உண்மையாக இருக்கலாம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு என்றால், மேரிகேரல் ஹண்டர் குழுவின் 2019 ஆய்வு உதவும். மன அழுத்தத்தின்போது கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை எச்சிலில் அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடத்துக்குள் அது மிக வேகமாகக் குறைந்தது. அதன் பிறகும் குறைந்தது, ஆனால் மெதுவாக. அந்த நேரத்தில் ஃபோன், படிப்பு, உரையாடல், உடற்பயிற்சி எதுவும் இல்லை என்பது நிபந்தனை.

எனவே ஆண்டுக்கு ஒரு பெரிய சுற்றுலாவைவிட, வாரம் ஒன்றிரண்டு தடவை பக்கத்தில் உள்ள ஒரு பழைய இடத்துக்கும் அதைச் சுற்றிய வெளிக்கும் போவது மேல். புகழ்பெற்ற இடத்தில் கூட்டமும் வரிசையும் இருக்கும். கூட்டத்தில் மோதாமல் நடப்பதே வலிந்த கவனத்தைத் தின்னும்.

## ஒரு அரைநாளை எப்படி அமைப்பது

மொத்தம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 30 நிமிடம் கட்டடத்துக்குள் போகவே வேண்டாம். சுற்றியுள்ள வயல், தோப்பு, ஆற்றங்கரை எதுவோ அதில் நடங்கள், ஃபோனை ஓசையடக்கிப் பைக்குள் போட்டுவிட்டு. களைத்த கவனத்தோடு நேராகக் கட்டடத்துக்குள் போனால் எல்லா அறையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிறகு உள்ளே 45 முதல் 60 நிமிடம். எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விடுங்கள். இரண்டு இடங்கள் போதும். ஒவ்வொன்றையும் மூன்று தொலைவில் பாருங்கள்: வெளிக்கோடு முழுதும் தெரியும் தொலைவு, வாசலும் தூண்களும் தெரியும் தொலைவு, கைநீட்டும் தொலைவு. தகவல் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் பலகை சொன்னதை மட்டும் கண் தேடும், மற்றதை விட்டுவிடும். அடுத்து 20 நிமிடம் எங்காவது உட்காருங்கள். இதைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். மீதி நேரம் வந்த வழியை விட்டு வேறு வழியில் திரும்ப.

## கெடுப்பவை

நின்று நின்று களைப்பது. போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதைப் பற்றி எழுதினார். காட்சிப்பொருளைப் பார்க்க மனிதர் எப்படியெல்லாம் குனிய, வளைய வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்தே காட்டினார். கல் தரையில் அங்குலம் அங்குலமாக நகர்வது, சீராக நடப்பதைவிடக் காலை அதிகம் வலிக்கச் செய்யும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நிற்கும்போது அது நடப்பதில்லை. அரை மணிக்கு ஒருமுறை உட்காருங்கள், அல்லது நூறு அடி வேகமாக நடந்துவிட்டு வாருங்கள்.

படம் எடுப்பது. லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுதாகப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்ததைவிட அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தபோது இந்த இழப்பு இல்லை. எடுத்தே ஆகவேண்டும் என்றால் முழுக் கட்டடத்தை விட்டுவிட்டு ஒரு தாழ்ப்பாளை, ஒரு கல் இணைப்பை எடுங்கள்.

மகரந்தம். பளிச்சென்ற பூக்களைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் அவை பெரும்பாலும் குற்றவாளி அல்ல. வண்டும் தேனீயும் சுமக்கும் மகரந்தம் கனமானது, பசையுள்ளது, அதிக தூரம் பறக்காது. தும்மலும் கண் அரிப்பும் தருவது காற்றில் பரவும் மகரந்தம், பூ இருப்பதே கண்ணில் படாத பிர்ச், ஓக், பிளேன் போன்ற மரங்களிலிருந்தும் புற்களிலிருந்தும் வருவது. உலர்ந்த, காற்றடிக்கும் நாளில் அதிகம். நின்று பெய்த மழைக்குப் பின் குறைவு. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து முழுப் பலன் தரச் சில நாட்கள் ஆகும். எனவே கிளம்பும் காலையில் அல்ல, பருவம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். வீடு திரும்பியதும் உடை மாற்றித் தலை அலசினால் மகரந்தம் தலையணைக்குப் போகாது.

குளிர்காற்றை நம்பிய வெயில். புறஊதாக் கதிர் சூரியனின் உயரத்தைப் பொறுத்தது, காற்றின் சூட்டைப் பொறுத்ததல்ல. ஏப்ரல் 20-இல் உச்சிச் சூரியன் இருக்கும் உயரமும் ஆகஸ்ட் 22-இல் இருக்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். புறஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் தேவை.

படிகள். கோபுரங்களின் சுழற்படியில் உட்பக்கம் ஆப்பு போலக் குறுகியிருக்கும். முழுப் பாதமும் வைக்கும் வெளிப்பக்கமே பாதுகாப்பு. இறங்கும்போதுதான் அதிகம் தடுக்கும். பழைய படிகள் சம உயரத்தில் இருப்பதில்லை, முந்தைய படியின் உயரத்தையே கால் எதிர்பார்க்கும். வசந்த மழையில் பாசி ஊறிய கல் கண்ணாடி போல வழுக்கும்.

உண்ணிகள் உள்ள பகுதியில் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் கூர்மையான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீ, எண்ணெய், திருகல் எதுவும் வேண்டாம். மேய்ச்சல் நிலத்தில் வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு போவதே நல்லது, நாயோடு போகிறவர்கள் இன்னும் தள்ளி.

## எதற்கு இது போதாது

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் குலைந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலா அந்தச் சிகிச்சைக்குத் துணையாக இருக்கலாம், பதிலாக இருக்க முடியாது. வசந்தம் எல்லாருக்கும் இதமாக இருக்கும் என்பதும் இல்லை. இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ள சிலருக்குப் பகல் நீளும் இந்த மாதங்களில் மனவெழுச்சி கட்டுமீறிப் போவதுண்டு. அவர்களுக்குத் தூக்கம் திடீரென்று குறைவது பல நேரங்களில் முன்கூட்டியே தெரியும் அறிகுறி. அப்படி இருந்தால் விடியற்காலை நீண்ட நடைகளைக் கூட்டும் முன் தம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.